ஈ பெரிதானது குளிராலா, பிறப்பாலா? – சிலிக்குப் போன ஓர் ஐரோப்பிய ஈயின் கதை



இன்றைய பதிவு ஓர் ஈயைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பரிணாமம் என்றாலே கோடி ஆண்டு, லட்சம் ஆண்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். கண்ணெதிரே, வெறும் இருபது ஆண்டில் நடந்த ஒரு பரிணாமத்தின் வரலாறு இது. ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லவும் உதவும்.

முதலில் எந்த ஈ என்று சொல்லிவிடுகிறேன். மாம்பழத்துக்குள் முட்டையிட்டுப் புழு வைக்கிறதே, அந்தப் பழ ஈ வேறு குடும்பம். நான் சொல்வது, கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்குமே, எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, அந்தச் சின்ன ஈயின் குடும்பம். ட்ரோசோபிலா என்பது அதன் அறிவியல் பெயர். இதில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு.

1910இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் தம் பாட்டில்களில் வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டார். அதிலிருந்து தொடங்கி, மரபணுக்கள் குரோமோசோம்களில்தான் இருக்கின்றன என்று அவரும் மாணவர்களும் நிலைநாட்டினார்கள். இது நம் பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆனால் அது பாட்டிலில் வளர்ந்த ஈ. காட்டிலும் தோட்டத்திலும் திரியும் ஈயிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊருக்கு ஊர் ஈக்கள் அளவில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

*குளிர் நாட்டில் பெரிய உடல்*

1847இல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் ஒன்றைக் கவனித்தார். நெருங்கிய உறவுள்ள விலங்குகளில், குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரிதாகவும் வெப்பப் பகுதியில் வாழ்பவை சிறிதாகவும் இருக்கின்றன. காரணமும் சொன்னார். உடல் பெரிதானால், எடையோடு ஒப்பிடும்போது தோல் பரப்பு குறைகிறது; சூடு வெளியேறுவதும் குறைகிறது. பெரிய அண்டாவில் இருக்கும் வெந்நீர் மெதுவாகத்தானே ஆறும்?

வெப்ப இரத்த விலங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். ஈக்கோ உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ அதுதான் அதன் உடம்பிலும். அப்படியிருந்தும் பல ஈ இனங்களில், நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக உடல் பெரிதாகிறது. ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் இருந்தது.

*அளவு என்பது ஏமாற்றும்*

ஒரே மூட்டை விதைநெல்லைப் பாதியாகப் பிரித்து, ஒன்றை வாய்க்கால் தலைமடையிலும் மற்றொன்றைத் தண்ணீர் எட்டாத கடைமடையிலும் விதைத்தால் பயிர் ஒரே உயரமா இருக்கும்? இருக்காது. விதை ஒன்று, நிலம் வேறு.

ஈயிலும் இதே கதைதான். குளிர்ந்த இடத்தில் வளரும் புழு மெதுவாக வளரும். ஆனால் அதிலிருந்து வரும் ஈ பெரிதாக இருக்கும். சூடான இடத்தில் சீக்கிரம் வளர்ந்து சிறிய ஈயாக வெளிவரும். ஒரே பழத்தில் நூறு புழு நெருக்கியடித்தால் எல்லாமே குட்டையாகிவிடும். ஆகவே டென்மார்க்கில் பிடித்த ஈ ஸ்பெயினில் பிடித்த ஈயை விடப் பெரிது என்றால், அதை மட்டும் வைத்து மரபணு வேறுபாடு என்று சொல்ல முடியாது. குளிர் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்று ஆஸ்திரேலியாவில் டிமோதி பிரவுட், ஸ்டூவர்ட் பார்க்கர் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். 1989இல் வெளியான ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது ட்ரோசோபிலா புசாட்டி என்ற ஈ. இது அழுகிய சப்பாத்திக்கள்ளியில்தான் வளரும். சப்பாத்திக்கள்ளி நமக்குத் தெரியாததா? அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் தென்னிந்தியாவிலும் வந்து பரவி நிலங்களை அடைத்துக்கொண்டதும், பிறகு ஒரு செதில்பூச்சியை விட்டு அதை அழித்ததும் பழைய கதை. ஆஸ்திரேலியாவிலும் அது காடாக மண்டியது. கள்ளியோடு இந்த ஈயும் அங்கே போய்ச் சேர்ந்தது.

இந்த ஈக்களின் உடல் அளவில் காணும் வேறுபாட்டில் பெற்றோரிடமிருந்து வருவது எவ்வளவு, வளர்ந்த இடத்தால் வருவது எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரே மாதிரி உணவும் இடமும் தந்து ஆய்வகத்தில் வளர்த்தபோது, மரபின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேலே. இயற்கையில் அழுகிய கள்ளியில் வளர்ந்தபோது அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. மரபணுக்கள் எங்கும் போய்விடவில்லை. ஒரு கள்ளித் துண்டில் சாப்பாடு தாராளம், அடுத்த துண்டில் பஞ்சம். அந்த ஏற்றத்தாழ்வு மரபு வேறுபாட்டை மூடி மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

*பார்சிலோனாப் பேராசிரியர்*

மறைந்திருப்பதை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு. வெவ்வேறு ஊர் ஈக்களைப் பிடித்து வந்து, ஒரே வெப்பநிலையில், ஒரே உணவில், நெருக்கடி இல்லாமல் சில தலைமுறை வளர்க்க வேண்டும். ஊரின் பாதிப்பு கழன்றுவிடும். அதன் பிறகும் அளவில் வேறுபாடு நின்றால், அது பிறப்போடு வந்தது.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் அந்தோனியோ பிரெவோஸ்தி என்ற மரபியலாளர் 1950களில் இந்த வேலையில் இறங்கினார். அவருடைய ஈ ட்ரோசோபிலா சப்அப்ஸ்குரா. வட ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்காண்டிநேவியா வரை பரவியிருக்கும் இனம். நம் நாட்டில் கிடையாது. உடல் அளவுக்குப் பதிலாக இறக்கையின் நீளத்தை அளந்தார். இறக்கை தட்டையானது, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் துல்லியமாக அளக்கலாம்.

முடிவு தெளிவாக வந்தது. ஒரே மாதிரி வளர்த்த பிறகும், வட ஐரோப்பிய ஈக்களின் இறக்கை தென் ஐரோப்பிய ஈக்களின் இறக்கையை விட நீளம். வேறுபாடு சில சதவீதம்தான். ஆனால் தெற்கிலிருந்து வடக்கே போகப் போகச் சீராகக் கூடிக்கொண்டே போனது.

இது இயற்கைத் தேர்வின் வேலைதானா? இரண்டு சந்தேகங்கள் எழலாம். ஒன்று, பனியுகம் முடிந்தபின் ஐரோப்பாவில் ஈக்கள் எந்த வழியாகப் பரவினவோ, அந்த இடப்பெயர்ச்சியின் தடமாகக்கூட இது இருக்கலாம். இரண்டு, தேர்வுதான் என்றாலும் அதற்கு எவ்வளவு காலம் பிடித்தது? பத்தாயிரம் ஆண்டா, நூறு ஆண்டா? ஐரோப்பாவை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. நடந்த வரலாற்றைத் திரும்ப நடத்திப் பார்க்கவும் முடியாது.

ஆய்வகத்தில் சின்ன அளவில் நடத்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் ட்ரோசோபிலா சூடோஅப்ஸ்குரா ஈக்களைத் தனித்தனிக் கூண்டுகளில் 16, 25, 27 டிகிரி செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். சுமார் 6 ஆண்டு கழித்து வயட் ஆண்டர்சன் அவற்றின் சந்ததியை ஒரே வெப்பநிலையில் வளர்த்து அளந்தார். 16 டிகிரிக் கூண்டின் வாரிசுகள் பிறவியிலேயே பெரிதாகிவிட்டிருந்தன. 1966இல் இது வெளியானது. குளிர், தலைமுறைகளின் போக்கில் பெரிய உடலைத் தேர்ந்தெடுக்கிறது என்று தெரிந்தது. ஆனால் கூண்டு வேறு, திறந்த வெளி வேறு.

*குரோமோசோமில் தெரியும் அடையாளம்*

இங்கே இன்னொரு இழையைச் சேர்க்க வேண்டும். ஈயின் புழுவுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ராட்சதக் குரோமோசோம்கள் உண்டு. குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் இருக்கும். சில ஈக்களில் குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டைகளின் வரிசை மாறியிருப்பதை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம். இதைத் தலைகீழ்த் திருப்பம் என்கிறோம்.

இதனால் என்ன என்றால், அந்தத் துண்டுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் எளிதில் கலைந்து பிரிவதில்லை. கட்டிய பொட்டலம் போல ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். ரஷ்யப் பேரரசில் பிறந்து 1927இல் அமெரிக்கா வந்து மார்கனின் ஆய்வகத்தில் சேர்ந்த தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, காட்டு ஈக்களில் இந்தத் திருப்பங்களின் விகிதம் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, பருவத்துக்குப் பருவம் மாறுவதையும் காட்டினார். மரபு வேறுபாடு என்பது உறைந்துபோன சொத்து அல்ல, நாளும் புழங்குவது என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பிரெவோஸ்தியின் சப்அப்ஸ்குராவில் இத்தகைய திருப்பங்கள் ஏராளம். அதன் குரோமோசோம்களுக்கு ஏ, ஜே, யூ, ஈ, ஓ என்று பெயர். ஓ-தான் நீளமானது. ஐரோப்பாவில் சில அமைப்புகள் வடக்கே அதிகம், சில தெற்கே அதிகம். ஆக, இறக்கை நீளம், குரோமோசோம் அமைப்பு இரண்டுமே அட்சரேகையோடு சேர்ந்து மாறின. பழைய சந்தேகமும் அப்படியே நின்றது: இது தேர்வா, இடப்பெயர்ச்சியின் தடமா?

*1978, புவேர்த்தோ மோந்த்*

1978 பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், புவேர்த்தோ மோந்த் என்ற துறைமுக ஊரில் அந்த ஈ கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் டான்கோ பிரன்சிச், புட்னிக். ஐரோப்பிய ஈ, அதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் யாரும் பார்த்திராதது. கப்பலில் வந்த சரக்கோடு வந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே வடக்கே லா செரேனாவிலிருந்து தெற்கே கண்டத்தின் கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸ் வரை பரவிவிட்டது. 1982இல் வட அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்ட் ஊரிலும் அகப்பட்டது. அங்கிருந்து மேற்குக் கரையோரம் கலிபோர்னியா வரை இறங்கியது, மேலே கனடாவுக்கும் ஏறியது.

இரண்டு கண்டத்துக்கும் வந்தவை உறவுக்காரர்களா? அதற்கு ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. ஓ குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட திருப்பம். அதனோடு ஒட்டிக்கொண்டு ஓர் உயிர்க்கொல்லி மரபணு. இரு பெற்றோரிடமிருந்தும் அது வந்துவிட்டால் அந்த ஈ பிழைக்காது. சிலியிலும் வாஷிங்டனிலும் ஒரே திருப்பத்தோடு ஒரே உயிர்க்கொல்லி மரபணு இருந்தது. இப்படி ஒரு பொருத்தம் இரண்டு முறை தற்செயலாக அமையாது. இரு கண்டத்து ஈக்களுக்கும் மூதாதை ஒரு சிறு கூட்டம்தான் என்பது உறுதியானது.

எந்த விஞ்ஞானியும் திட்டமிடாமலே, பிரெவோஸ்தி கேட்ட கேள்விக்கான சோதனையை இயற்கை நடத்திக்கொண்டிருந்தது, அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில். சிலி தென்கோளத்தில் இருப்பது இன்னொரு வசதி. அங்கே தெற்கே போனால்தான் குளிர். பார்சிலோனா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 41 டிகிரி. புவேர்த்தோ மோந்த் தெற்கே சுமார் 41 டிகிரி. பனியுகத்து இடப்பெயர்ச்சி என்ற சமாதானமும் இங்கே செல்லாது. ஈ வந்ததே நேற்றுதான்.

முதலில் பதில் சொன்னவை குரோமோசோம்கள். 1980களிலேயே பிரெவோஸ்தியும் பிரன்சிச்சும் கூட்டாளிகளும் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவில் குளிர்ப் பகுதியில் மிகுந்திருக்கும் அமைப்புகள் சிலியில் தெற்கே மிகத் தொடங்கியிருந்தன. வட அமெரிக்காவில் வடக்கே. இரண்டு கண்டத்திலும் ஐரோப்பியக் கோலமே மீண்டும் உருவாகிக்கொண்டிருந்தது. 1988இல் இது விரிவாக வெளியானது. வெறும் தற்செயல் என்று சொல்ல இனி வழியில்லை.

*இறக்கை சொன்ன பதில்*

இறக்கை மட்டும் அவசரப்படவில்லை. ஈ வந்து சுமார் பத்தாண்டு கழித்துப் பிடித்த மாதிரிகளை அளந்தபோது, அமெரிக்காவில் அட்சரேகைக்கும் இறக்கை நீளத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை. பலர் இத்தோடு கதையை மூடியிருப்பார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் ஹூய், ஜார்ஜ் கில்கிறிஸ்ட், பார்சிலோனாவின் லூயிஸ் செர்ரா முதலியோர், இன்னொரு பத்தாண்டு கழித்து மறுபடி போனார்கள். வட அமெரிக்க மேற்குக் கரை நெடுகவும், ஐரோப்பாவில் ஸ்பெயினிலிருந்து டென்மார்க் வரையும் ஈக்களைப் பிடித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆய்வகத்தில், 20 டிகிரியில், சில தலைமுறை வளர்த்தார்கள். பிறகு அளந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது.

வட அமெரிக்கப் பெண் ஈக்களில், தெற்கிலிருந்து வடக்கே போகப் போக இறக்கை நீண்டுகொண்டே போனது. ஐரோப்பாவில் எப்படியோ கிட்டத்தட்ட அப்படியே. ஆண் ஈக்களிலும் அதே போக்கு, கொஞ்சம் குறைவாக. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டு எடுத்திருக்கலாம் என்று நினைத்தது இங்கே சுமார் இருபதே ஆண்டில் நடந்துவிட்டது.

பரிணாம வேகத்தை அளக்க ஓர் அலகு வேண்டும் என்று 1949இலேயே சொல்லி, அதற்கு 'டார்வின்' என்று பெயரிட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் வந்த இன்னொரு அலகுக்கு அவர் பெயரையே 'ஹால்டேன்' என்று வைத்தார்கள். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானாரே, அவர்தான். இந்தியா வரும் முன் லண்டனில் அவருடைய மாணவர்கள் வளர்த்ததும் இதே சப்அப்ஸ்குரா ஈயைத்தான். அந்த அலகில் அளந்தபோது, இயற்கையில் பதிவான மிக வேகமான மாற்றங்களின் வரிசையில் இந்த ஈ இடம் பிடித்தது.

*ஒரே நீளம், வேறு வழி*

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஈயின் இறக்கையில் நீளவாக்கில் ஓடும் ஒரு நரம்பை, குறுக்கு நரம்பு இரண்டாகப் பிரிக்கும். உடம்போடு ஒட்டிய பகுதி ஒன்று, நுனிப் பகுதி ஒன்று. ஐரோப்பாவில் வடக்கத்தி ஈக்களின் இறக்கை நீண்டது உடம்போடு ஒட்டிய பகுதி நீண்டதால். வட அமெரிக்காவில் நுனிப் பகுதி நீண்டதால். மொத்த நீளம் ஒன்றுபோல வந்தது. நீண்ட இடம் வேறு.

பிறகு ஃபெடரிகோ கால்போலி, கில்கிறிஸ்ட், லிண்டா பார்ட்ரிட்ஜ் மூவரும் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். 2003இல் வந்த ஆய்வு. இறக்கை இரண்டு விதமாகப் பெரிதாகலாம். செல்களின் எண்ணிக்கை கூடலாம். அல்லது ஒவ்வொரு செல்லும் பெரிதாகலாம். சுவரைப் பெரிதாகக் கட்ட, கூடுதல் செங்கல் வைக்கலாம். பெரிய செங்கல்லும் வைக்கலாம். ஐரோப்பாவில் செல் எண்ணிக்கை. தென் அமெரிக்காவிலும் செல் எண்ணிக்கை. வட அமெரிக்காவில் செல்லின் அளவு. தென் அமெரிக்காவிலும் இறக்கை குளிர்ப் பக்கம் பெரிதாகிவிட்டது என்பதைக் கில்கிறிஸ்ட்டும் குழுவினரும் 2004இல் விரிவாகக் காட்டினார்கள்.

இதன் பொருள் என்ன? குளிர் கேட்டது பெரிய இறக்கையை. அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று அது கேட்கவில்லை. எப்படிக் கட்டுவது என்பது, வந்து இறங்கிய ஈக்கள் என்னென்ன மரபு வேறுபாடுகளைக் கையோடு கொண்டுவந்தன என்பதைப் பொறுத்தோ, வெறும் தற்செயலாலோ அமைந்திருக்கிறது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கமும் இதுதான்.

*சிறு கூட்டத்திடம் இவ்வளவு முதலா?*

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். வந்தது சிறு கூட்டம் என்கிறீர்கள். ஐரோப்பாவில் இருந்த மரபணு வகைகளில் பல அமெரிக்காவுக்கு வந்து சேரவே இல்லை. பிறகு எப்படி இவ்வளவு மாற்றத்துக்கு முதல் இருந்தது?

மரபியல் கணக்கு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. உறவில்லாத 10 ஈக்கள் மட்டும் புது ஊரில் குடியேறினால், உடல் அளவு போன்ற பண்பின் மரபு வேறுபாட்டில் சராசரியாக இருபதில் ஒரு பங்குதான் இழப்பு. 95 சதவீதம் கூடவே வந்துவிடும். ஏனென்றால் உடல் அளவைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல. சிறு சிறு பங்களிக்கும் பல மரபணுக்கள். ஊரில் பரவலாக இருக்கும் வகைகள் எந்தப் பத்துப் பேரிடமும் இருக்கும். அரிய வகைகள்தான் விட்டுப்போகும்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. குடியேறிய கூட்டம் சீக்கிரம் பெருக வேண்டும். பத்துப் பேராகவே பல தலைமுறை தங்கினால், ஒவ்வொரு தலைமுறையிலும் இருபதில் ஒரு பங்கு கரைந்துகொண்டே போகும். வங்கிக் கணக்கில் வட்டி வராமல் எடுத்துக்கொண்டே இருப்பது போல. இந்த ஈ ஆண்டுக்குப் பல தலைமுறை காணும். வந்த வேகத்தில் கண்டம் முழுதும் பெருகிவிட்டது. அதனால் முதல் தங்கியது. எண்ணிக்கையில் சுருங்கி, மெதுவாகப் பெருகும் யானைக்கோ புலிக்கோ இந்த வசதி கிடையாது. ஈயால் முடிந்ததே, எல்லா உயிரும் சமாளித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

*வெப்பம் கூடும்போது*

மரபு வேறுபாட்டுக்கும் உடல் அளவுக்கும் உள்ள தொடர்பு வேறு இனத்திலும் நேராகவே தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நம் வாழைப்பழத்தில் மொய்க்கும் ட்ரோசோபிலா மெலனோகாஸ்டர் ஈக்களை ஆரி ஹாஃப்மன் முதலியோர் ஆராய்ந்தார்கள். மூன்றாம் குரோமோசோமில் ஒரு தலைகீழ்த் திருப்பம் வெப்பமான வடக்கே அதிகம். அந்தத் திருப்பம் கொண்ட ஈக்கள் உடலும் சிறியவை. சிறிய உடலுக்கான மரபணுக்கள் சில அந்தப் பொட்டலத்துக்குள் கட்டுண்டு இருக்கின்றன. 2005இல் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். சுமார் இருபது ஆண்டில் அந்தத் திருப்பத்தின் கோலம் ஏறக்குறைய 4 டிகிரி அட்சரேகை அளவுக்கு நகர்ந்திருந்தது. வெப்பப் பகுதியின் அமைப்பு, முன்பு குளிர்ச்சியாக இருந்த தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2006இல், பார்சிலோனாவின் ஜோவான் பலன்யா, ஹூய் குழுவினர் சப்அப்ஸ்குராவின் பழைய பதிவேடுகளைத் திறந்தார்கள். மூன்று கண்டங்களில் 26 ஊர்கள். பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் இடையே சராசரி 24 ஆண்டு. 22 ஊர்களில் வெப்பம் கூடியிருந்தது. அவற்றில் 21 ஊர்களில், வெப்ப நாட்டுக்குரிய குரோமோசோம் அமைப்புகளின் பங்கும் கூடியிருந்தது. ஒவ்வோர் ஊரும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சுமார் 1 டிகிரி நகர்ந்துவிட்டது போல.

இந்த ஒப்பீடு எப்படிச் சாத்தியமானது என்று யோசியுங்கள். பிரெவோஸ்தி காலத்திலிருந்தே, இன்ன ஊர், இன்ன மாதம், இத்தனை ஈ, இன்ன அமைப்பு என்று யாரோ பொறுமையாக எழுதி வைத்திருந்தார்கள். உலகம் சூடாவதை அளக்க அது பயன்படும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

*நமக்கு என்ன?*

இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, அளவைப் பார்த்துப் பிறப்பைத் தீர்மானிக்கக் கூடாது. கள்ளியில் வளர்ந்த ஈயின் அளவு, பெரும்பாலும் அது சாப்பிட்ட சாப்பாட்டின் கதை. ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்த பிறகுதான் மரபைப் பற்றிப் பேச முடிந்தது. நம் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்த்து "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரித் தண்ணீர், ஒரே மாதிரி வைத்தியம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்த பிறகு அந்தப் பேச்சை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, வேறுபாடு என்பது குறை அல்ல, கையிருப்பு. ஒரு கூட்டத்தில் எல்லா ஈயும் ஒன்றுபோலவே இருந்திருந்தால் சிலியின் குளிருக்கு அவற்றிடம் பதிலே இருந்திருக்காது. விதைநெல்லில், ஆட்டில், மாட்டில் பழைய வகைகளைக் கைவிடாமல் வைத்திருங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னே இருக்கும் கணக்கும் இதுதான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு யோசனை. பரிணாமப் பாடம் நடத்தும்போது டைனோசரோடு நிறுத்திவிடாமல், உலக வரைபடத்தில் பார்சிலோனாவையும் புவேர்த்தோ மோந்தையும் காட்டி இந்த ஈயின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

 சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.